கையில் ஒரு புல்

உருகிய அரக்கு ஒரு காதுக்குள் விழும்போது பெரிய சத்தம் எதுவும் வருவதில்லை. கோடை வெயிலில் காய்ந்த ஓட்டின்மேல் முதல் மழைத்துளி விழுந்தால் கேட்குமே, அவ்வளவுதான், ஒரு சின்ன உஸ். அதைக் கேட்டபோது சேந்திக்கு ஒன்பது வயது. இப்போது இருபத்தெட்டு. இடையில் எத்தனை மழை எத்தனை ஓட்டின்மேல் விழுந்ததோ, ஒவ்வொரு முறையும் அவள் கை தானாக எழுந்து காதைப் பொத்தும். இன்று பொத்த முடியாது. வேள்விச் சாலையில், மேற்குத் தீக்குப் பின்னால், மனைவிக்கென்று விட்ட ஒரு முழ இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். கை மடியில் இருக்க வேண்டும், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், கண் தீயை விட்டு அகலக்கூடாது. இடுப்பில் ஆடைக்கு மேலே புல்லால் திரித்த கயிறு. அதற்கு வருணனின் கயிறு என்று பெயர். விடியலில் அதைக் கட்டி முடிச்சிட்டபோது இறுக்கமாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை; மூச்சை இழுத்தால் அறுக்கிறது, விட்டால் கொஞ்சம் தளர்கிறது, ஆகவே அவள் பாதி மூச்சிலேயே இருந்தாள். வெளியே தூறத் தொடங்கியது. வேலிக்கு அப்பால் குயவன் கொற்றன் இறக்கி வைத்துவிட்டுப் போன புதுப் பானைகள் கவிழ்ந்து கிடந்தன, சூளைச் சூடு இன்னும் ஆறாதவை. அவற்றின் முதுகில் துளி விழுந்தது. உஸ். மறுபடியும். உஸ். அவள் விரல்கள் மடியிலேயே மடங்கின.

கார்காலம் தொடங்கும்போது செய்யும் வேள்வி இது. மழைக்கும் நீருக்கும் பொய்க்கும் அதிகாரியான வருணனுக்கு. அவள் கணவன் பவருத்திரன் ஆண்டு தவறாமல் செய்கிறான், பெண்ணையாற்றின் தென்கரையில் இருக்கும் இந்தப் பார்ப்பனச் சேரியில் அவனைப் போல முறை தவறாதவன் இல்லை என்று பெயர். இந்த வேள்வியில் மனைவிக்கு ஒரு வேலை உண்டு. யவத்தை, அதாவது வாற்கோதுமையை, வறுத்து மாவாக்கித் தயிர்விட்டுப் பிசைந்து கட்டைவிரலால் அழுத்திச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் பிடிக்க வேண்டும், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை, அதற்குமேல் ஒன்று. அந்த ஒன்று இனிமேல் பிறக்கப்போகிறவருக்கு. நேற்று அவள் பிடித்து முடித்து முறத்தில் வைத்தபோது கணவனின் தமக்கை நங்கை வந்து எட்டிப் பார்த்தாள். பதினாறில் கைம்பெண்ணாகித் தம்பி வீட்டுக்கு வந்தவள். நாக்கு மட்டும் மொட்டையாகவில்லை. “என்னடி, ஐந்து இருக்கிறது? நாம் நாலு பேர்தானே.” “பிறக்கப்போகிறதுக்கு ஒன்று அக்கா. விதிதானே.” “விதி எனக்கும் தெரியும். பிறக்கப்போகிறது எவன் புண்ணியத்தில் என்றுதான் தெரியவில்லை.” சொல்லிவிட்டுக் கிண்ணம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, “நல்லாத்தான் பிடித்திருக்கிறாய், குயவனிடம் கற்றதா?” என்றாள். சேந்தி கிண்ணத்தை வாங்கி முறத்தில் வைத்தாள். சொல்லாமலே இருந்து இருந்து அவள் வாய்க்குள் ஒரு வீடு கட்டி வைத்திருந்தாள், அதில் யார் யாரோ குடியிருந்தார்கள். மாவு பிடித்த அந்தக் கிண்ணங்கள் இப்போது முறத்தில், அவள் பக்கத்தில். நாலாவது கொஞ்சம் வாய் அகன்றுவிட்டது. அது மகள் செள்ளையினுடையது. பெண்பிள்ளையையும் எண்ண வேண்டுமா என்று கணவன் ஒரு கணம் யோசித்ததை அவள் பார்த்தாள், இன்னும் கட்டிக்கொடுக்கவில்லையே, எண்ணித்தான் ஆக வேண்டும் என்று பிறகு அவனே சொன்னதையும் கேட்டாள். ஆறு வயதுச் செள்ளை உள்ளே பாயில் கிடக்கிறாள். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. தோல் மினுமினுக்கிறது, நரம்பு பச்சையாகத் தெரிகிறது. “அம்மா, நான் திரும்பிப் படுத்தால் உள்ளே சலசல என்கிறது. ஆறு வந்துவிட்டதா?” “ஆமாம் கண்ணே, புது வெள்ளம்.” “அப்ப தவளையும் வருமா?” வயிறு நீர் கொள்ளும் நோய் வருணன் பற்றியதற்கு அடையாளம். ஊரில் எல்லாருக்கும் தெரியும். எதற்காகப் பற்றினான் என்பது சேந்தி ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

போன ஆண்டு இதே இடத்தில் இதே கயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். கிண்ணங்களைத் தீக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் துணைப் புரோகிதன் தெற்கு மேடையிலிருந்து எழுந்து வந்து மனைவியின் முன் நின்று கேட்பான்: யாரோடு நடக்கிறாய்? கட்டியவனைத் தவிர வேறு எவனோடு என்று பொருள். இருந்தால் பெயரைச் சொல்ல வேண்டும், பெயருக்கு நா எழவில்லை என்றால் எத்தனை பேரோ அத்தனை தருப்பைத் தாளைக் கையில் எடுத்துக் காட்டினால் போதும். பெயரைச் சொன்னால் அவனை வருணன் பற்றுக என்று புரோகிதன் சொல்வான். ஒருவரும் இல்லையென்றால் வெறுங்கையை விரித்துக் காட்டலாம். பொய்யாக விரித்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது, அவளுக்குப் பிரியமானவர்களை வருணன் பற்றுவான். ஆண்டு முழுவதும் எந்த அவையிலும் பெண்ணின் சொல் சாட்சியாகாது, சூத்திரனின் சொல்லைப் போல. இந்த ஒரு நாள், இந்த ஒரு மூச்சு நேரம் மட்டும், அவள் வாயில் வருவதுதான் உண்மை. போன ஆண்டு அவள் கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் ஒன்றும் இல்லை, வியர்வை தவிர. கேட்டவன் அந்தக் கையை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தான், மெல்லத் தலையசைத்தான், நல்ல மாணவிக்கு ஆசிரியன் தலையசைப்பதுபோல. பனி இறங்குவதற்குள் செள்ளையின் வயிறு ஏறியது.

கேட்டவன் அக்கிசருமன். இன்றும் கேட்கப்போகிறவன் அவன்தான். அதோ தெற்கு மேடையில் குனிந்து மாவில் பிடித்த ஆட்டுக்கு மயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறான். யவ மாவால் ஒரு கடா, ஒரு பெண்ணாடு, உண்மையான ஆட்டு மயிரைப் பிய்த்து நெய் தொட்டு ஒட்ட வேண்டும். அழகான விரல்கள். அந்த விரல்களின் நெய் வாசனை. இல்லை, அதை நினைக்கக்கூடாது, தீயைப் பார். தீயைப் பார்த்தால் அதுதான் நினைவுக்கு வருகிறது. வேறு எங்கே நடந்தது, தீயின் முன்னால்தானே நடந்தது. போன ஆண்டு வேள்விக்கு முந்தைய கோடையில் பவருத்திரன் அரசனிடம் பசுக்கொடை வாங்கத் தலைநகர் போயிருந்தான். வீட்டுக்காரன் வெளியூர் போனால் வீட்டுத் தீ அணையாமல் இன்னொரு பார்ப்பான் வந்து காலையும் மாலையும் பால் ஊற்ற வேண்டும். அக்கிசருமன் வந்தான். காலையும் மாலையும் வந்தான். ஏழாம் நாள் மாலை நங்கை ஆற்றுக்குப் போயிருந்தாள், செள்ளை முற்றத்தில் தூங்கினாள், அவன் தீயறைக் கதவைத் தாழிட்டான். சேந்தியின் தலை சுவரில் மோதியது. அவள் பல் அவன் கையில் இறங்கியது, அவன் அதே கையால் வாயில் அறைந்தான், உதடு பிளந்தது. “கத்தாதே. தீ முன்னால் கத்தினால் தீட்டு” என்றான், கோபமே இல்லாமல், பாடம் சொல்லும் குரலில். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அந்த நாற்றம், கருகிய பாலின் நாற்றம், அது அவள் கூந்தலில் இன்னும் இருக்கிறது என்று சில நாள் தோன்றும். எல்லாம் முடிந்ததும் அவன் எழுந்து ஆடையைச் சரிசெய்து கால் கை கழுவினான். வேள்விப் பால் பொங்கி வழிந்தால் அதற்குக் கழுவாய் உண்டு. நீர் தெளித்து, அதற்குரிய மந்திரத்தைச் சொல்லி, குறையை நிறைவு செய்ய வேண்டும். அவன் நீரைத் தெளித்தான். மந்திரத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னான். பாலுக்குச் சொன்னான். அவள் தரையில் கிடந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தெளித்த நீரில் இரண்டு துளி அவள் கணுக்காலில் விழுந்தது, அது மட்டும்தான் அவள் பங்கு.

நல்ல உச்சரிப்பு அவனுக்கு. சின்ன வயதிலேயே. சேந்தியின் தகப்பனாரிடம்தான் படித்தான், பதினைந்து வயதில் மற்ற மாணவர்களையெல்லாம் பின்தள்ளிவிட்டான். அவர்கள் வரிசையாக உட்கார்ந்து ஓதும்போது சேந்தி பின்கட்டில் நெல் புடைத்துக்கொண்டே கேட்பாள், கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, பெண்ணின் காதில் எதுவும் தங்காது என்று எண்ணினார்கள் போல. தங்கியது. ஆற்றங்கரையில் களிமண் மிதித்துக்கொண்டிருந்த குயவர் வீட்டுக் கொற்றனிடம் ஒருநாள் தண்ணீரைப் புகழும் ஒரு வேத வரியைச் சொல்லிக் காட்டினாள். பெருமைக்குத்தான். அவனுக்குப் பொருள் வேண்டியிருக்கவில்லை. “சேந்தியம்மா, இது மிதிக்கத் தோதாக இருக்கே” என்றான். நாலு அசை, நாலு மிதி. இடது கால், வலது கால், இடது கால், வலது கால். அவள் சிரித்தாள். அவன் இன்னும் வேகமாக மிதித்தான். மறுநாளும் மிதித்தான், அவள் இல்லாதபோதும் அந்த வரியைச் சொல்லியே மிதித்தான், அதை அக்கிசருமன் கேட்டுவிட்டான். சூத்திரன் காதில் வேதம் ஏறிவிட்டது என்று ஊர் கூடியது. யாரிடம் கேட்டாய்? கேட்டது அவள் தகப்பனார். கொற்றனை மண்டியிட வைத்திருந்தார்கள், முழங்காலில் இன்னும் ஈரக் களிமண். அவன் கூட்டத்தைப் பார்த்தான். அம்மாவின் ஆடைக்குப் பின்னால் நின்ற சேந்தியைப் பார்த்தான், பார்த்த கண்ணை உடனே எடுத்துக்கொண்டான். “காற்றில் வந்தது சாமி.” யாரோ சிரித்தார்கள். இன்னொரு முறை கேட்டார்கள், பிரம்பால் கேட்டார்கள். காற்றில் வந்தது. அரக்கை உருக்கி இரும்புக் கரண்டியில் எடுத்து வந்தது அக்கிசருமன், கண்டுபிடித்தவனுக்கு அந்த உரிமை. ஒரு துளி சிந்தவில்லை. முதலில் அந்தச் சின்ன உஸ். பிறகுதான் அலறல். ஒரு காது முடிந்து மறு காது. அதற்கப்புறம் அவனுடைய அலறல் அவனுக்கே கேட்கவில்லை, ஆகவே எப்போது நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை. பொழுது சாயும்வரை அலறினான். சேந்தி அம்மாவின் ஆடையைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் சொன்னேன் என்று ஒரு வாக்கியம். ஒன்பது வயதில் எத்தனையோ பேசினாள், அதை மட்டும் பேசவில்லை. அன்றைக்குக் கட்டத் தொடங்கியதுதான் வாய்க்குள்ளே அந்த வீடு.

மழை வலுத்தது. கொட்டகையின் மேற்கு மூலையில் ஒழுகியது, கணவன் நிமிர்ந்து பார்த்தான், யாரோ ஓர் ஓலையைச் செருகினார்கள். இன்னும் எவ்வளவு நேரம்? மாவாட்டுக்கு மயிர் ஒட்டி முடித்துவிட்டான். இன்னும் நெய் ஊற்ற வேண்டும், அகப்பைகளைத் துடைக்க வேண்டும், அப்புறம் எழுவான். இவள் பக்கத்தில் தருப்பைக் கட்டு இருந்தது. கையை நீட்டினால் எட்டும். ஒரு தாள் போதும். பெயர் வேண்டாம், விதியே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது, ஒரு தாளை எடுத்துப் பிடித்தால் வருணனுக்குத் தெரியும் அது யாரென்று, ஆயிரம் ஒற்றர்களாம் அவனுக்கு, கண் இமைக்காதவர்களாம். பொய்யும் இல்லை, பெயரும் இல்லை, செள்ளை பிழைப்பாள். இரண்டு மாதமாக இப்படித்தான் முடிவு செய்து வைத்திருந்தாள். ஒரு தாள். பச்சைத் தாளா, காய்ந்ததா என்றுகூட யோசித்திருந்தாள். நேற்று நங்கை கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்து குயவனிடம் கற்றதா என்று கேட்டபோதுதான் அந்த முடிவுக்கு அடியில் இருந்த பள்ளம் தெரிந்தது. வருணனுக்கு ஆயிரம் ஒற்றர், ஊருக்கு நங்கை ஒருத்தி போதுமே. அந்தக் கோடை மாலை, தீயறையிலிருந்து அக்கிசருமன் போன பிறகு, பின்முற்றத்தில் சேந்தி உட்கார்ந்திருந்தாள், பானை கொண்டுவந்த கொற்றன் அவள் முகத்தைப் பார்த்தான். வேலிக்கு உள்ளே அவன் வரக்கூடாது. வந்தான். குழைத்த மண்ணைப் புண்ணில் அப்பினால் ரத்தம் நிற்கும், அவர்கள் வீட்டில் அப்படித்தான் செய்வார்கள். கையில் ஒட்டியிருந்த மண்ணை வழித்து அவள் உதட்டில் வைத்தான். செவிடர்களின் அந்த ஏறி இறங்கும் குரலில், ஊருக்கே கேட்கும்படி, “யாரம்மா? யாரு?” என்றான். அவள் தலையை ஆட்டினாள். ஆற்றிலிருந்து வந்த நங்கை குடத்தோடு பின்வாசலில் நின்று பார்த்தாள்.

ஒரு தாளை எடுத்தால் ஊர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும். யாரும் பெயரைக் கேட்க மாட்டார்கள், பெயர் அவர்களிடம் தயாராக இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு முன் மேலூரில் ஒரு நெய்பவனுக்கு நடந்தது. பார்ப்பனத்தியோடு நடந்தவன் என்று அவனை விலாமிச்சம் புல்லால் தலையிலிருந்து கால்வரை சுற்றிக் கட்டித் தீயில் எறிந்தார்கள். அன்று முழுவதும் ஊரே மணந்ததாம், போய்ப் பார்த்துவிட்டு வந்த பெண்கள் சொன்னார்கள், நல்ல வாசனை, குழந்தைகள் மோந்து மோந்து பார்த்தனவாம். அந்தப் பார்ப்பனத்திக்குத் தலையை மழித்து நெய் பூசிக் கழுதைமேல் ஏற்றிப் பெருவழியில் விட்டார்கள். கழுதை இருக்கட்டும், மழிக்கட்டும். ஆனால் கொற்றன். புல்லுக்குள் அவன் கத்துவான், தன் குரல் கேட்காமல் கத்துவான், எப்போது நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியாது. ஒரு தாள் புல், அதற்கு ஒரு கட்டுப் புல். அப்படியானால் கை விரிப்பதா? விரித்தால் செள்ளை. தவளையும் வருமா அம்மா. புல்லெடுத்தால் அவன், விரித்தால் இவள். விரித்தால் இவள், எடுத்தால் அவன். நெல் புடைக்கும் முறம்போல மனம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது, ஆட ஆட உமிதான் பறந்தது, நடுவே அந்தக் கல் அப்படியே கிடந்தது. பெயர். மூன்றாவது வழி அதுதான், அது எப்போதும் அங்கேயேதான் கிடந்தது. கேட்கிறவன் முகத்துக்கு நேரே கேட்கிறவன் பெயர். சொன்னால் அடுத்த வரி அவனுடையது, அவனே சொல்ல வேண்டும். சொல்வானா? வேள்வியை முறித்துவிட்டு எழுந்து போவானா? கரண்டியைத் தூக்கி அவள் வாயில் குத்துவானா? கணவன் என்ன செய்வான்? இந்தச் சாலையிலிருந்து உயிரோடு எழுவாளா? பயத்தில் சிறுநீர் முட்டியது. கயிறு அறுத்தது. ஒன்பது வயதில் விட்ட வாக்கியம் இன்னும் தொண்டையிலேயே இருக்கிறது, அதற்குமேல் இன்னொன்றை எப்படி ஏற்றுவது, இடம் இல்லை, இடம் இல்லை.

அக்கிசருமன் எழுந்தான்.

அகப்பையைக் கீழே வைத்தான். மழை நின்றிருந்தது, அல்லது அவளுக்குக் கேட்கவில்லை. தெற்கு மேடையைச் சுற்றிக்கொண்டு, தீக்கு முதுகு காட்டாமல், அளந்த அடிகளில் வந்தான். ஈரத் தரையில் அந்தப் பாதங்கள். அவள் முன் நின்றான். வலது கையின் ஓரத்தில் பிறைபோல ஒரு வெள்ளைத் தழும்பு. பல் பட்ட இடம். அதைப் பார்த்தபடியே அவள் இருந்தாள். வேலிக்கு வெளியே ஊர் நின்றது, நங்கையின் கழுத்து நீண்டது, தருப்பைக் கட்டை நோக்கி எத்தனை கண்கள்.

“யாரோடு நடக்கிறாய்?”

அவள் கை தருப்பைப் பக்கம் போகவில்லை, விரியவும் இல்லை. “அக்கிசருமன்” என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது. போதாது என்று தோன்றியது, ஊரில் அந்தப் பெயரில் இன்னொரு கிழவர் உண்டு. “கௌசிக குலத்து அக்கிசருமன். நான் நடக்கவில்லை. தீயறையில், தாழிட்டு.”

பவருத்திரன் கையிலிருந்த அகப்பையின் நுனியில் நெய் திரண்டது, கனத்தது, விழுந்தது. தீ ஒருமுறை நிமிர்ந்து அடங்கியது. அக்கிசருமன் அவளைப் பார்த்தான். முதல் தடவையாக அவன் கண்ணில் ஏதோ ஒன்று ஓடியது, பயம் என்று அவள் நினைத்தாள், அதற்காகக் காத்திருந்தாள். அது பயம் இல்லை. அடுத்த வரியைத் தேடுகிறவனின் கண். கிடைத்துவிட்டது.

“அவனை வருணன் பற்றுக” என்றான். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. அவள் முறத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள், கால் மரத்திருந்தது. கணவன் முன்னே, அவள் பின்னே, தெற்குத் தீயருகே நின்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள்: ஊரில் செய்த பிழை, காட்டில் செய்த பிழை, அவையில் செய்த பிழை, சூத்திரனுக்குச் செய்தது, ஆரியனுக்குச் செய்தது, எல்லாம் போகட்டும். கிண்ணங்கள் ஒவ்வொன்றாகத் தீயில் விழுந்தன. தயிர் கசிந்த மாவு தணலில் பட்டதும் உஸ் என்றது. அவள் காதைப் பொத்தவில்லை. சூத்திரனுக்குச் செய்தது இவ்வளவுதானா, ஒரு மாவுக் கிண்ணம், இது போதுமா, ஆகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே ஐந்தாவதையும் போட்டாள். நீராடிவிட்டு வரும்போது கணவன் அவளைப் பார்க்காமல் சொன்னான்: “களத்தில் சொன்னது களத்தோடு. கயிற்றை அவிழ்த்தாயிற்று, இனி அதைப் பேசாதே.” அன்று அவளுக்குச் சோறு போட்டது நங்கை. சோற்றில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விட்டாள், அவ்வளவுதான்.

கொற்றனை யாரும் தொடவில்லை. என்ன நடந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவும் இல்லை, சொன்னாலும் கேட்காது. அக்கிசருமனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெண்ணின் சொல் அவையில் ஏறாது, வருணனும் அந்த ஆண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

செள்ளை பிழைத்தாள். ஐப்பசியில் வயிறு வற்றி, தை பிறக்கும்போது ஓடத் தொடங்கினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே மனத்தாங்கல் இருக்கக்கூடாது என்று பெரியவர்கள் பேசி முடித்து, பதினோராம் வயதில் அவளை அக்கிசருமனின் மூத்த மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வீட்டிலும் ஒவ்வொரு கார்காலத்திலும் அந்த வேள்வி நடந்தது. முப்பத்தோர் ஆண்டுகள், ஒவ்வொரு முறை கேட்கும்போதும், செள்ளை வெறுங்கையை விரித்துக் காட்டினாள். அவளுக்குப் பிறந்த நாலு பிள்ளைகளில் ஒன்றும் தங்கவில்லை.